மரமேறும் கயிற்றுக் கருவிகள்: வீட்டில் எதைச் செய்யலாம், எதை நம்பி ஏறலாம்

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் தென்னங்கள் இறக்கிய என் தாத்தா, காலில் மாட்டும் தளைக்கயிற்றை ஒருநாளும் கடையில் வாங்கியதில்லை. நாரைத் தாமே திரித்து, தாமே முடிந்து, அதை நம்பியே நாள்தோறும் மரம் ஏறினார். ஏறுவதற்கு முன் மரத்தடியில் நின்று அந்தக் கயிற்றை விரல்களுக்கிடையே ஒருமுறை முழுதாக உருவிப் பார்ப்பார். "கயித்தக் கண்ணால பாக்காதடா, கையால பாரு" என்று அவர் சொன்னது இன்றும் எனக்குப் பயன்படுகிறது. ஆனால், அவருடைய தளைக்கயிறு அறுந்திருந்தாலும் அவருடைய இரு கைகளும் மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தன. இன்று நாம் கயிற்றில் தொங்கியபடி ஏறும் முறையில் உடலின் முழு எடையும் கயிற்றின் மேலும் முடிச்சின் மேலுமே விழுகிறது. ஆகவே, சொந்தக் கையால் செய்ததை நம்பும் அந்தப் பழைய வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

பினாங்கில் கயிற்றில் தொங்கி மரமேறும் பழக்கம் பலருக்குத் தேவைப்படுகிறது. பாலிக் புலாவில் குடும்பத்துக்குச் சொந்தமான டுரியான் மரங்களின் காய்ந்த கிளைகளைக் கழிக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரம்புத்தானைக் கவாத்து செய்ய நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் உச்சிக் கிளையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றே காரணமாக வருகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளின் விலையைப் பார்த்த பிறகு, இவற்றில் எவற்றை நாமே செய்துகொள்ளலாம் என்பதுதான். அந்தக் கேள்விக்கு நான் கொடுக்கும் பதிலை இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு ஒருவர் தனியாக ஏறிவிடக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று உங்கள் முடிச்சைத் தொட்டுப் பார்க்கும் வரை உங்கள் கால் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது.

முதல் படி: உயிரைத் தாங்குவதையும் தாங்காததையும் பிரித்தல்

கருவிகளைத் தரையில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றையும் எடுத்து, "இது அறுந்தால் நான் விழுவேனா?" என்று கேட்டு இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஏறும் கயிறு, ஹார்னஸ் எனப்படும் இடுப்புவார், காரபினர் எனப்படும் பூட்டுக்கொக்கி, ஏறும் கயிற்றைப் பற்றிக்கொள்ளும் பிடிமுடிச்சுக்கான வளையம் ஆகியவை உயிரைத் தாங்குகிறவை. வீசுகயிறு, அதன் நுனியில் கட்டும் எடைப்பை, மரப்பட்டையைக் காக்கும் குழாய், வாளைக் கட்டித் தொங்கவிடும் கயிறு, கயிற்றை வைக்கும் பை ஆகியவை தாங்காதவை. இரண்டாவது குவியலில் உள்ள அனைத்தையும் வீட்டில் தாராளமாகச் செய்யலாம். முதல் குவியலில் ஒன்றே ஒன்றைத்தான் வீட்டில் செய்யலாம். அது, தரச்சான்று பெற்ற கயிற்றை வாங்கி நாமே முடிந்துகொள்ளும் வளையம்.

ஏன் அது மட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கருவியை நம்புவதற்கு நமக்கு மூன்று சான்றுகள் வேண்டும்: அது எவ்வளவு சுமை தாங்கும் என்று உற்பத்தியாளர் சோதித்துப் பொறித்த அளவு, அது சரியாக அமைந்திருக்கிறது என்பதை நம் கண்ணே காணக்கூடிய வடிவம், தரைக்கு மிக அருகில் அதில் தொங்கிப் பார்த்த அனுபவம். முடிச்சுப் போட்ட வளையத்துக்கு இந்த மூன்றும் உண்டு. கயிற்றுச் சுருளில் அளவு இருக்கிறது; முடிச்சை இரு பக்கமும் திருப்பிப் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் அவிழ்த்து மறுபடி போடலாம்; தொங்கியும் பார்க்கலாம். வீட்டுத் தையல் இயந்திரத்தில் தைத்த நாடாவுக்கோ முதல் இரண்டும் இல்லை. உள்ளே எந்த இழை அறுந்திருக்கிறது, நூல் எங்கே தளர்ந்திருக்கிறது என்பதை மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தொழிற்சாலையில் ஒரே மாதிரி தைத்த பலவற்றுள் சிலவற்றை இழுத்து அறுத்துப் பார்த்து மற்றவற்றின் வலிமையை உறுதிசெய்கிறார்கள். நாம் தைப்பதோ ஒன்றே ஒன்று. அதன் வலிமையை அறிய அதையே அறுத்தாக வேண்டும். ஆகவே ஹார்னஸைத் தைக்காதீர்கள், கார் இருக்கை வாரை வெட்டி இடுப்புவார் ஆக்காதீர்கள், எவ்வளவு நேர்த்தியான தையற்காரர் முன்வந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி: வாங்க வேண்டியவை

ஏறும் கயிறாக, அதிகம் நீளாத, 11 முதல் 13 மி.மீ. பருமனுள்ள கயிற்றைத் தேர்ந்தெடுங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 1891, 'ஏ' வகை என்று குறித்த கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். ஏறத்தாழ 2,200 கிலோ எடை தொங்குவதற்குச் சமம் இது. கிளையின் உயரத்தைப் போல இருமடங்கு நீளமும், அதற்கு மேல் சில மீட்டரும் தேவை. கயிறு கிளைக்கு மேலே போய் இருபுறமும் தரையைத் தொட வேண்டும். பயன்படுத்திய கயிற்றை யாரிடமும் இரவல் வாங்காதீர்கள். அது எங்கே கிடந்தது, எதில் உரசியது என்பது உங்களுக்குத் தெரியாது.

இரும்புக் கடைகளில் தொங்கும் நீல, பச்சை நிறக் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். லாரியில் சாமான் கட்ட அது நல்ல கயிறு. மரம் ஏற ஆகாது. வெயிலில் எளிதில் நொறுங்கும், ஏறத்தாழ 165 பாகை செல்சியஸிலேயே உருகும். நைலானும் பாலியெஸ்டரும் 200 பாகைக்கு மேல்தான் உருகத் தொடங்குகின்றன. முடிச்சு கயிற்றின் மேல் வழுக்கி இறங்கும்போது எழும் சூட்டை நினைத்தால் இந்த வேறுபாட்டின் பொருள் விளங்கும். பருமனைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது; முருங்கை பருத்தாலும் தூணாகாது. காரபினரும் அப்படித்தான். சாவிக்கொத்துக்கு விற்கும் கொக்கிகளைத் தவிர்த்து, உடலில் கிலோநியூட்டன் அளவு பொறித்திருக்கும், திறப்பதற்குக் குறைந்தது இரண்டு தனித்தனி அசைவுகள் தேவைப்படும், தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையையே வாங்குங்கள். ஹார்னஸையும் தரக்குறி பார்த்தே வாங்குங்கள். இங்கே மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்றாம் படி: பிடிமுடிச்சு வளையம்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ஆகவே இங்கே சற்று நிதானமாகச் செல்வோம். சுமை ஏறும்போது, நாம் ஏறும் பெரிய கயிற்றை இறுகப் பிடித்து, சுமை குறைந்ததும் மேலும் கீழும் நகர விடும் முடிச்சைப் பிடிமுடிச்சு என்று குறிப்பிடுகிறேன். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் அறியச்செய்த புருசிக் முடிச்சுதான் புதியவர்களுக்கு மிகவும் ஏற்றது. கழற்றிக் கழற்றிப் போடலாம், தவறாகப் போட்டால் கண்ணுக்கு உடனே தெரியும், இரு திசையிலும் பிடிக்கும்.

11 மி.மீ. ஏறும் கயிற்றுக்கு, வளையம் முடிய 8 மி.மீ. நைலான் அல்லது பாலியெஸ்டர் துணைக்கயிறு பொருந்தும். துணைக்கயிறு பெரிய கயிற்றின் பருமனில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருந்தால் நன்றாகப் பிடிக்கும். இரண்டும் சமமானால் வழுக்கும், மிக மெலிந்தால் இறுகி அசையாமல் நின்றுவிடும். ஈஎன் 564 தரத்தின்படி 8 மி.மீ. துணைக்கயிறு குறைந்தது 12.8 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். வளையமாக்கும்போது இரண்டு இழைகள் சுமையைப் பகிர்வதால் அது இருமடங்காகிறது. முடிச்சுகள் பாதிவரை தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது மறுபடியும் 13 கிலோநியூட்டன் அளவில் நிற்கும். 80 கிலோ எடையுள்ளவர் அசையாமல் தொங்கினால் கொடுக்கும் சுமை 0.8 கிலோநியூட்டன்தான். அவ்வளவு மிச்சம் எதற்கு என்று கேட்கலாம். கயிறு பழையதாகிறது, வெயில் படுகிறது, சூடேறுகிறது, நைலான் நனைந்தால் பத்து விழுக்காட்டுக்கு மேலும் வலிமை இழக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தளர்ந்து கிடந்த கயிற்றில் ஒருவர் விழும்போது எழும் அதிர்ச்சி அவருடைய எடையைப் போலப் பல மடங்காகிவிடுகிறது.

செய்முறை இது. துணைக்கயிற்றில் ஒன்றரை மீட்டர் வெட்டி, இரு நுனிகளையும் தீயில் காட்டி இழைகள் பிரியாதபடி உருக்கிக்கொள்ளுங்கள். நுனிகளை எதிரெதிராக ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, முதல் நுனியை மற்றக் கயிற்றைச் சுற்றி இரண்டு முறை, தன்னை நோக்கியே திரும்பி வருமாறு சுற்றி, அந்த இரண்டு சுற்றுகளுக்கும் உள்ளே நுழைத்து இழுங்கள். இரண்டாவது நுனியையும் அதேபோல எதிர்ப்பக்கமிருந்து செய்யுங்கள். பிறகு வளையத்தை இருபுறமும் இழுத்தால் இரண்டு முடிச்சுகளும் நகர்ந்து வந்து ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். இதற்கு இரட்டை மீனவர் முடிச்சு என்று பெயர். ஒரு பக்கத்தில் நான்கு சுற்றுகள் பக்கம்பக்கமாக இணையாகவும், திருப்பினால் இரண்டு குறுக்குக் குறிகள் அருகருகே ஒழுங்காகவும் தெரிய வேண்டும். ஒன்று குறுக்குக் குறியாகவும் மற்றது கோணலாகவும் தெரிந்தால் ஒரு முடிச்சைத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறீர்கள்; அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள். வெளியே நீளும் நுனிகள் 8 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கடைசியாக, வளையத்தை உறுதியான ஒரு கட்டையில் மாட்டி உடல் எடை முழுவதையும் கொடுத்து முடிச்சை இறுக்குங்கள். கையால் இறுக்கியது போதாது.

வளையம் இப்போது ஏறத்தாழ ஒரு முழ நீளம் இருக்கும். அதைப் பெரிய கயிற்றின் மேல் வைத்து, வளையத்தின் ஊடாகவே மூன்று முறை சுற்றி எடுங்கள். மேலே மூன்று, கீழே மூன்று என ஆறு சுற்றுகள், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக இருக்க வேண்டும். மீனவர் முடிச்சு இந்தச் சுற்றுகளுக்குள் மாட்டிக்கொள்ளாமல் பக்கவாட்டில் தள்ளி நிற்கட்டும். ஹார்னஸின் காரபினரை மாட்டுவதற்கு மிஞ்சும் நீளம் ஒரு சாணுக்குச் சற்று மேல் வரும். அது போதும். நீளமான வளையம் வசதி என்று நினைத்து இரண்டு முழத்துக்குச் செய்கிறவர்கள், அதில் தொங்கிய பிறகுதான் முடிச்சு கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பதைக் காண்கிறார்கள்.

நான்காம் படி: எடைப்பையும் பட்டைக்காப்பும்

உயிரைத் தாங்காத இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஜீன்ஸ் துணியை இரட்டையாக மடித்து, உள்ளங்கை அளவில் பை தைத்து, மீன்பிடிக் கருவிக் கடையில் கிடைக்கும் சிறு ஈயக்குண்டுகளை 300 முதல் 350 கிராம் வரை நிரப்பி மூடுங்கள். 2 மி.மீ. மெல்லிய கயிற்றை அதில் கட்டிக் கிளைக்கு மேலே வீசி, அதன் உதவியால் பெரிய கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். வீசும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. பட்டைக்காப்புக்கு, கயிறு உள்ளே தாராளமாக ஓடும் அளவுள்ள தடித்த குழாயில் முக்கால் மீட்டர் வெட்டினால் போதும். கிளைக்கு மேலே அது உட்கார்ந்திருக்க, கயிறு அதற்குள் ஓடும். மரத்தின் பட்டைக்கு அடியில் இருக்கும் உயிருள்ள மெல்லிய அடுக்கு உரசலில் தேய்ந்தால் அந்தக் கிளையே நோய்ப்படும். நம்மைத் தாங்குகிற மரத்துக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை இது.

ஐந்தாம் படி: தாழ்வாகத் தொங்கிப் பார்த்தல்

ஆறு ஆண்டுகளுக்கு முன், பாலிக் புலாவில் என் மாமாவின் பழத்தோட்டத்தில், துணைக்கயிறு கைவசம் இல்லாததால் கடையொன்றில் 10 மி.மீ. பாலிபுரோப்பிலீன் கயிறு வாங்கி வளையம் முடிந்தேன். முடிச்சின் வடிவம் படத்தில் இருப்பது போல அழகாக இருந்தது. காலைத் தரையிலிருந்து அரை மீட்டர் தூக்கித் தொங்கியபோது, முதல் இரண்டு நொடி பிடித்தது. பிறகு ஓசையே இல்லாமல் வழுக்கியது. பதறி அந்த முடிச்சையே கையால் பற்றினேன். அதுதான் செய்யக் கூடாதது, ஏனென்றால் பிடிமுடிச்சின் தலையைக் கை அழுத்தினால் அது இறுகாமல் மேலும் வழுக்கும். தரையில் உட்கார்ந்தபோது உள்ளங்கையில் நான்கு விரல் அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. வளையத்தின் உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்து, நகத்தால் கீறினால் சுரண்ட வராத அளவுக்கு இறுகியிருந்தது. கயிறு உருகிவிட்டது. அரை மீட்டர் உயரமாக இருந்ததால் இதை எழுத முடிகிறது.

ஆகவே, புதிய வளையம் ஒவ்வொன்றிலும் முதலில் முழங்கால் உயரத்தில் தொங்குங்கள். மெல்ல உட்காருங்கள், பிறகு உடலை ஆட்டுங்கள், பிறகு சற்று எழுந்து மறுபடி எடையைப் போடுங்கள். முடிச்சை நகர்த்தி வேறு இடத்தில் வைத்து இதையே பத்து முறை செய்யுங்கள். கயிற்றைத் தண்ணீரில் நனைத்தும் ஒருமுறை செய்யுங்கள். பினாங்கில் மத்தியான மழை சொல்லிவிட்டு வருவதில்லை. இந்தச் சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் மனத்தில் இருத்துங்கள். முடிச்சு பிடிக்கிறதா என்பதை அது சொல்லும். கயிறு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லாது, ஏனெனில் இரண்டு பேர் சேர்ந்து தொங்கினாலும் இரண்டு கிலோநியூட்டனைத் தாண்டுவது அரிது. வலிமைக்குச் சான்று சுருளில் உள்ள தரக்குறி மட்டுமே. "நாலு பேர் தொங்கிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சை நம்பிப் பெயர் தெரியாத கயிற்றில் ஏறாதீர்கள்.

ஆறாம் படி: மரத்தைச் சோதித்தல்

கருவி எவ்வளவு நல்லதானாலும் அது தொங்குவது ஒரு கிளையில். பச்சையாக உயிரோடு இருக்கிற, தண்டுக்கு அருகில் குறைந்தது 15 செ.மீ. பருமனுள்ள கிளையைத் தேர்ந்தெடுத்து, கயிற்றைத் தண்டை ஒட்டி விழச்செய்யுங்கள். ஏறுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து தரையிலிருந்தே கயிற்றை இழுத்து முழு எடையையும் போட்டுப் பாருங்கள். அடிமரத்தில் காளான் தட்டுகள் முளைத்திருந்தால், அங்சானா மரத்தில் போலத் திடீரென முறியும் கிளைகள் மேலே இருந்தால், திரும்பிவிடுங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்த கெரெங்கா எறும்புக் கூடும், கிளை இடுக்கில் குளவிக் கூடும் இருக்கின்றனவா என்று கீழிருந்தே தேடுங்கள். கூட்டைக் கலைத்த பிறகு முடிச்சை நிதானமாக இறக்கும் பொறுமை யாருக்கும் வராது.

மின்கம்பிக்கு அருகிலுள்ள மரத்தில் ஏறவே கூடாது; மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குச் சொல்லுங்கள். சாலையோர மரங்களும் பூங்கா மரங்களும் மாநகர் மன்றத்தின் பொறுப்பில் உள்ளவை, அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. இடி தூரத்தில் கேட்டாலே இறங்கிவிடுங்கள்.

ஏறும்போது கயிறு எப்போதும் உங்களுக்கு மேலே விறைப்பாக இருக்கட்டும். நீளாத கயிறு அதிர்ச்சியை விழுங்காது. தொடக்க நாட்களில், இரண்டு மூன்று மீட்டர் ஏறியதும் பிடிமுடிச்சுக்குக் கீழே பெரிய கயிற்றில் எட்டு வடிவ முடிச்சு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே உள்ளது வழுக்கினாலும் கீழே உள்ளதில் தடுத்து நிற்கும். கயிற்றின் நுனியிலும் ஒரு முடிச்சு இருக்க வேண்டும். இறங்கும்போது மிக மெதுவாக இறங்குங்கள், ஏனென்றால் முடிச்சுக்கு வேகம்தான் எதிரி. கீழே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும், உங்களை இறக்கும் வழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹார்னஸில் அசைவற்றுத் தொங்குகிறவருக்கு இரத்த ஓட்டம் கால்களில் தேங்கிச் சில நிமிடங்களிலேயே ஆபத்தாகிவிடும். 999ஐ அழைத்துப் பொம்பா எனப்படும் தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க நேரம் போதாமல் போகலாம்.

ஏழாம் படி: கையால் பார்த்தல், கழித்தல்

ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கிடையே உருவுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஓரிடத்தில் திடீரென மெலிந்தோ, பஞ்சுபோல் மெத்தென்றோ, கட்டிபோலவோ பட்டால் நிறுத்துங்கள். அந்த இடத்தை இரு விரல்களால் வளையுங்கள். நல்ல கயிறு வட்டமாக வளையும், உள்ளே இழை சேதமான கயிறு மடித்த அட்டைபோல் ஒரு கூர்முனையோடு மடியும். துணைக்கயிற்றில் பளபளப்பான இறுகிய தழும்பைத் தேடுங்கள்.

கயிற்றை மிதமான சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெளுப்பானும் பேட்டரி அமிலமும் நைலானை வெளியே தெரியாமல் அரிக்கின்றன. ஆகவே கார் பின்பெட்டியில் கயிற்றை வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அங்கே வெயிலின் சூடும் சேர்ந்துகொள்கிறது. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் காரபினரின் பூட்டு நன்றாகத் திரும்புகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

நான் ஒவ்வொரு வளையத்துக்கும் ஓர் எண் கொடுத்து, முடிந்த தேதியை ஒரு சிறு நோட்டில் எழுதிவைக்கிறேன். ஓராண்டு நிறைந்தால், எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும், அதைக் கழித்துவிடுகிறேன். நடுவில் தழும்பு தெரிந்தால் அன்றைக்கே. சில வெள்ளி விலையுள்ள ஒன்றரை மீட்டர் கயிற்றுக்காக மனம் தயங்கினால், அந்தத் தயக்கத்தோடு மரத்தடிக்குப் போகாமல் இருப்பதே நல்லது. கழித்ததை அப்படியே குப்பையில் போடாதீர்கள், கொட்டகையிலும் மாட்டிவைக்காதீர்கள். வேறு யாராவது எடுத்து ஏறக்கூடும். ஒரு சாணுக்கு மேல் நீளாத துண்டுகளாக வெட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் துண்டுகள் அவரைப் பந்தலின் கொடிகளைக் கட்டப் போகின்றன.